டின்னுக்குள் இருக்கும் மருந்துக்குப் பெயர் என்ன?

உங்கள் அலுமாரியின் மேலுள்ள பிஸ்கட் டின்னை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். கிளினிக்கில் தந்த கடதாசிப் பைகள், பாதி வெட்டிய அட்டைகள், முடிக்காமல் விட்ட குளிசைகள் எல்லாம் அதில் கிடக்கும். கற்பிட்டியிலும் சரி, முந்தலிலும் சரி, வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடென்றால் அங்கிருந்து வந்த அட்டைகளும் சேர்ந்திருக்கும்.

இங்கே காய்ச்சலுக்குப் பெனடோல் என்கிறோம். சவூதி அட்டையில் பெவடோல் என்றிருக்கும். அமீரகத்து அட்டையில் அடோல். மூன்றும் பரசிட்டமோல்தான். பல தடிமன் குளிசைகளிலும் அதுவே கலந்திருக்கிறது. பெயர் வேறென்பதால் மருந்தும் வேறென்று நினைத்து இரண்டையும் விழுங்கினால் அளவு இரட்டிப்பாகிவிடும். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு, அதுதான் உச்ச எல்லை. அதைத் தாண்டினால் ஈரல் கெடும். ஆகவே பெரிய எழுத்திலுள்ள கம்பனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள்.

இந்தப் பெயர்க் குழப்பத்தை நம் நாட்டில் துணிந்து எதிர்த்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். தனியார் துறையில் ஏறத்தாழ 2100 ஆக இருந்த மருந்துகளை, ஒரே மருந்துக்குப் பல பெயர் வேண்டாமென்று, 600 அளவுக்குக் குறைக்க வழி செய்தார். பெரிய கம்பனிகளுக்கு அது பிடிக்கவில்லை. 1977 இல் கயானாவில் அவர் காலமானார். அத்தியாவசிய மருந்துகளின் முதலாவது பட்டியலை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

மருந்துகளை நிரல்படுத்துவது அரபு மொழிக்குப் பழைய பழக்கம். 1248 இல் திமிஷ்கில் வபாத்தான இப்னுல் பைத்தார், சுமார் 1400 மருந்துப் பொருட்களை எழுத்து வரிசையில் எழுதி, ஒன்றுக்கே வழங்கிய பல பெயர்களையும் குறித்து வைத்தார்.

இன்று அந்த வேலைக்கு நோர்வேயின் ஒஸ்லோ நகரில், 1982 முதல், உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்த ஒரு நிலையம் இருக்கிறது. உடலில் எங்கே வேலை செய்கிறது என்பதைக் கொண்டு மருந்துகளை 14 பெரும் பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் இலக்கமும் சேர்ந்த ஒரு குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அத்தோடு, வளர்ந்தவருக்கு வழக்கமான ஒரு நாள் அளவு எவ்வளவென்றும் வகுத்திருக்கிறார்கள். சீனி வியாதிக்குரிய மெட்போர்மினுக்கு அது 2 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை நான்கு. இது எண்ணுவதற்கான அலகு மாத்திரமே. உங்கள் அளவை டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஆயிரம் பேர் வாழும் ஊரில் நாளொன்றுக்கு 40 மெட்போர்மின் குளிசை செலவாகிறதென்று வைத்துக்கொள்வோம். நான்கால் வகுத்தால் பத்து. ஆயிரம் பேருக்குப் பத்து நாளளவு. புத்தளத்தையும் கொழும்பையும், ஏன் நோர்வேயையும்கூட, இந்தக் கணக்கால் ஒப்பிடலாம். எதை எவ்வளவு இறக்க வேண்டுமென்று மதிப்பிடவும் இது உதவும். 2022 இல் டொலர் இல்லாமல் மருந்து தட்டுப்பட்டபோது பாமசி பாமசியாக அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் அவசியம். அதிகம் பாவிக்கும் இடத்தில் கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போகின்றன. ஆனால் பெரும்பாலும் எண்ணப்படுவது கடையிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் வெளியேறிய மருந்துதான், வயிற்றுக்குள் போனதல்ல. காய்ச்சல் விட்டதும் நிறுத்தி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கென்று நீங்கள் எடுத்து வைத்த ஆறு அமொக்ஸிசிலினும் அந்த ஏட்டில் விழுங்கப்பட்டதாகவே நிற்கும். அடுத்த கிளினிக் நாளில் டின்னோடு போய், ஒவ்வொரு அட்டையையும் காட்டி, எதை வைப்பது, எதை ஒப்படைப்பது என்று கேளுங்கள்.