ஆயிரம் கோர்களும் ஒரே கணக்கும்

கைபேசிக் கடையில் பெருமையாகச் சொல்லப்படும் சொற்களில் ஒன்று 'ஆக்டா கோர்'. விரல் நகம் அளவுள்ள ஒரே சிப்புக்குள் எட்டுக் கோர்கள், அதாவது தனித்தனியாகக் கணக்குப் போடக்கூடிய எட்டு மூளைகள், சேர்ந்து உழைக்கின்றன என்று பொருள். எட்டு வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஆயிரம் வைக்கத் தெரியாதா? தெரியும். அந்த ஆயிரமும் ஒரே கணக்கைப் பார்த்து வேலை செய்ய வைப்பதுதான் கடினம்.

ஒற்றைக் கோரின் வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும் வழி 2004-லேயே அடைபட்டுவிட்டது. அந்த ஆண்டு மே மாதம் இன்டெல் தன் 'தேஜாஸ்' சிப் திட்டத்தைக் கைவிட்டது. வேகம் ஏற ஏறச் சூடும் தாங்க முடியாத அளவுக்கு ஏறியதே முக்கியக் காரணம். அதன்பின் கோர்களின் எண்ணிக்கை பெருகத் தொடங்கியது.

ஒவ்வொரு கோரின் அருகிலும் 'கேஷ்' எனப்படும் சிறிய நினைவகம் இருக்கும். பொது நினைவகம் தொலைவில் இருக்கிறது. அங்கே போய்வருவதற்குள் கோர் நூறு கணக்கையாவது முடித்திருக்கும். அதனால் அடிக்கடி தேவைப்படும் தகவல்களுக்கு நகல் எடுத்து ஒவ்வொரு கோரும் தன் கேஷில் வைத்துக்கொள்கிறது. தொல்லை இங்கேதான் முளைக்கிறது. ஒரு கோர் தகவலைத் திருத்திவிட்டால், மற்றவர்களிடம் இருக்கும் நகல்கள் பொய்யாகிவிடும்.

ஒரு மொத்த வியாபாரியை நினைத்துக்கொள்ளலாம். ஊரெங்கும் உள்ள கடைகளுக்கு விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறார். இன்று விலையை மாற்ற வேண்டும். பட்டியல் வாங்கிய ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டு, "பழையதைக் கிழித்துப் போடுங்கள்" என்று சொல்லி, எல்லாரும் "கிழித்தாயிற்று" என்று பதில் தந்த பிறகுதான் புது விலையை எழுதலாம். இன்றைய பல கோர் சிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. எட்டுக் கடை என்றால் சமாளிக்கலாம்.

யாரிடம் நகல் இருக்கிறது என்று தெரிய ஒரு பதிவேடும் வேண்டும். நேரடியான முறையில், ஒவ்வொரு தகவல் கட்டுக்கும் கோருக்கு ஒரு பிட் ஒதுக்குவார்கள். வழக்கமான கட்டு 64 பைட், அதாவது 512 பிட். ஆயிரம் கோர் இருந்தால் பதிவேட்டுக்கு மட்டும் 1000 பிட். சரக்கைவிடக் கணக்குப் புத்தகம் ஏறத்தாழ இரண்டு மடங்கு!

இந்தப் பாரத்தைக் குறைக்க முயன்றவர்களில் அனந்த் அகர்வால் முக்கியமானவர். 1982-ல் சென்னை ஐஐடியில் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரானவர். அவரது குழு 1990-களில் உருவாக்கிய 'ஏல்வைஃப்' கணினியில் பதிவேடு ஒவ்வொரு கட்டுக்கும் ஐந்து பெயர்களை மட்டுமே வன்பொருளில் குறித்துக்கொண்டது. ஆறாவது ஆள் வந்தால் மென்பொருள் வந்து மிச்சத்தைக் கவனிக்கும். பெரும்பாலான தகவல்களை ஒரே நேரத்தில் வைத்திருப்பவர்கள் சிலர்தான் என்ற நடைமுறை அறிவு அதில் இருந்தது.

அதே கழகத்தில், அதே சென்னை ஐஐடியில் 1985-ல் படித்து முடித்த ஸ்ரீனிவாஸ் தேவதாஸ், கேள்வியையே திருப்பிப் போட்டார். தகவலை ஏன் நகல் எடுத்து அனுப்ப வேண்டும்? வேலையையே தகவல் இருக்கும் இடத்துக்கு அனுப்பினால் என்ன? அவரது குழு 110 கோர்கள் கொண்ட ஒரு சிப்பை இந்த முறையில் செய்தே காட்டியது. ஒவ்வொரு தகவலுக்கும் ஒரே இருப்பிடம். அதைத் தொட வேண்டிய நிரல், தன் மூட்டை முடிச்சுகளுடன் அந்தக் கோருக்குக் குடிபெயரும். நகலே இல்லாததால் பொய் நகலும் இல்லை. ஆனால் மூட்டையைச் சுமந்து அலையும் செலவு உண்டு.

2015-ல் தேவதாஸும் அவரது மாணவர் சியாங்யாவ் யூவும் வெளியிட்ட 'டார்டிஸ்' முறை இவை எல்லாவற்றையும்விட அழகானது. பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வரும் கால இயந்திரத்தின் பெயர் அது, பொருத்தமான பெயர்.

நம் வியாபாரி இப்போது பட்டியலின் அடியில் "இந்த விலை 15-ம் தேதி வரை செல்லும்" என்று அச்சிட்டுக் கொடுக்கிறார். 14-ம் தேதியன்றே விலையை மாற்ற வேண்டுமா? யாருக்கும் போன் போட வேண்டியதில்லை. புது விலை 16-ம் தேதியிலிருந்து என்று எழுதிவிட்டால் போதும். அதற்காக இரண்டு நாள் காத்திருக்கவும் வேண்டாம். ஏனென்றால் இந்தத் தேதிகள் சுவர்க் கடிகாரத்தோடு சம்பந்தப்பட்டவை அல்ல. ஒவ்வொரு கோருக்கும் சொந்தமாக ஒரு நாட்காட்டி. எழுதும் கோர் தன் நாட்காட்டியில் அந்தக் கணமே 16-க்குத் தாவிவிடும். மற்றவை இன்னும் 14-லேயே இருந்து பழைய விலையைப் படிக்கட்டும். 14-ம் தேதிக்கு அந்த விலை உண்மையானதே. எது முன், எது பின் என்ற வரிசை குலையாதவரை கணக்கில் பிழை வராது.

பதிவேடும் இளைத்துவிட்டது. யாரிடமெல்லாம் நகல் இருக்கிறது என்று குறிக்கத் தேவையில்லை. தேதிகளும், திருத்தும் உரிமை யாரிடம் என்ற ஒரே பெயரும் போதும். 1024 கோர்களில் ஒன்றைக் குறிப்பிட 10 பிட் போதுமானது. கோர்கள் இரட்டிப்பானால் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரே ஒரு பிட்.

இதிலும் ஒரு முள் இருந்தது. ஒரு கோர் இன்னொன்றின் சமிக்ஞைக்காக ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபடி காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எதையும் எழுதவில்லை. ஆகவே அதன் நாட்காட்டியும் நகரவில்லை. 14-ம் தேதியிலேயே நின்று, 15 வரை செல்லும் பழைய பட்டியலை நம்பியபடி, என்றோ வந்துவிட்ட செய்திக்காக அது முடிவின்றிக் காத்துக் கிடக்கும். இதற்கு ஆய்வாளர்கள் கண்ட மாற்று எளிமையானது: வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும், அவ்வப்போது ஒவ்வொரு கோரும் தன் தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துவிட வேண்டும். 15 கிழிந்து 16 தெரிந்ததும் கையிலுள்ள பட்டியல் காலாவதியாகும். கோர் புதியதைக் கேட்டு வாங்கும். செய்தி வந்திருப்பதை அப்போது பார்த்துவிடும்.