நிழலுக்கு ஏற்ற நந்தியாவட்டை

சிவாஜிநகரின் பழைய தெருக்களில் தோட்டம் என்பது பெரும்பாலும் வீட்டுக்கும் மதிற்சுவருக்கும் இடைப்பட்ட சில அடி மண்ணே. ஓட்டு வீடுகள் அடுக்குமாடிகளாக உயர உயர, அம்மண்ணில் விழும் வெயிலும் குறைந்துவருகிறது. எனினும், ரஸ்ஸல் சந்தையில் குவிந்திருக்கும் செவ்வந்தியைக் காணும்போது அதனை நம் வாசலிலும் வளர்க்கும் ஆவல் எழுகிறது. நட்ட முதல் பருவத்தில், நாற்றுப் பண்ணையிலேயே உருவான மொட்டுகள் மலர்கின்றன. அதன்பின் தண்டு வெளிச்சத்தைத் தேடி நீண்டு சாய்கிறது, இலைகள் பழுக்கின்றன. ஆண்டுதோறும் புதுக் கன்று, உரம், மருந்து எனச் செலவு தொடர்கிறது.

குறை நம் பராமரிப்பில் இல்லை, வெளிச்சத்தில் உள்ளது. செவ்வந்தி, ஜெர்பெரா போன்ற பல்லாண்டுச் செடிகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மணி நேர வெயிலை வேண்டுபவை. செவ்வந்தி நீண்ட இரவுகளில் மொட்டு வைக்கும் இயல்புடையதால், தெருவிளக்கின் ஒளி வலுவாக விழும் இடத்தில் பூப்பதும் தாமதமாகலாம். ஈரம் உலராத நிழல் மண்ணில் ஜெர்பெராவின் அடிப்பகுதி எளிதில் அழுகும்.

இடத்தை அறிவோம்

விடுமுறை நாளொன்றில் காலை 8, நண்பகல் 12, மாலை 4 மணிக்கு அவ்விடத்தைக் கவனிப்போம். காலையில் 3 மணி நேர வெயிலோ, மரக்கிளைகளின் ஊடே சிதறிய ஒளியோ கிடைத்தால் நந்தியாவட்டை நன்கு வளரும். வெயிலே எட்டாத மூலையாயின் அது பூக்கள் குறைந்தே நிற்கும். அங்கு இலையழகுக்காக டிரசீனா வைப்பதே பொருத்தம்.

ஏன் நந்தியாவட்டை?

இது நம் நாட்டுப் புதர்ச்செடி. ஆண்டின் பெரும்பகுதி வெண்மலர் தருவதால் பூசைக்கும் உதவும். ஒற்றை, அடுக்கு என இருவகைப் பூக்கள் உண்டு. ஆறடிக்கு மேலும் வளரும். கத்தரித்து இடத்துக்கேற்ப அடக்கிக்கொள்ளலாம்.

நடும் முறை

பெங்களூரில் மழை தொடங்கும் ஜூன், ஜூலை மாதங்கள் நடுவதற்கு உகந்தவை. சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி, நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடியாகக் குழி எடுக்க வேண்டும். தோண்டிய மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் கலந்து, பையில் இருந்த அதே மட்டத்தில் கன்றை நட வேண்டும். முதல் ஆண்டில் மேல்மண் காய்ந்தபின் நீர் ஊற்றினால் போதும். கிளையை வெட்டும்போது வடியும் பால் கண்ணிலோ தோலிலோ படாதவாறு கையுறை அணிவது நல்லது. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அதைச் சுவைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அகற்றிய செவ்வந்தியை எறிந்துவிட வேண்டியதில்லை. வேரோடு எடுத்துத் தொட்டியில் நட்டு, மொட்டைமாடியின் வெயிலில் வைத்தால் அது மீண்டும் தழைக்க வாய்ப்புண்டு. ஆண்டுதோறும் கன்றுகளுக்காகச் செலவிடும் தொகையில் ஒருமுறை ஒரு புதரை வாங்கினால், அது பல்லாண்டுகள் நம் வாசலில் நிலைத்துப் பூக்கும்.