மழைக்காலத்தில் கன்று ஈனும் மாடுகள்: முதல் ஆறு மணி நேரம்தான் கன்றின் உயிரைக் காக்கும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் கொட்டகைத் தரை காய்வதே இல்லை. சேறும் சாணமும் கலந்த ஈரத்தரையில், குளிர்ந்த காற்றில் பிறக்கும் கன்றுக்கு முதல் நாளே சோதனைதான். கலப்பினப் பசுவோ நாட்டு மாடோ எருமையோ, பிறந்த கன்று முதல் மாதத்தில் இறந்துபோனால் ஒன்பது மாதம் சினையில் போட்ட தீவனமும் உழைப்பும் வீணாகிறது. பெண் கன்றாக இருந்தால் வீட்டில் உருவாக வேண்டிய ஒரு கறவை மாடும் கைவிட்டுப் போகிறது. இந்த இறப்புகளில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். செலவு அதிகமில்லை, செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் செய்தால் போதும்.

ஈனும் தேதியைக் கணக்கிடுங்கள்

செயற்கை முறை கருவூட்டல் செய்த தேதியைக் கொட்டகைச் சுவரிலோ நாட்காட்டியிலோ குறித்து வைக்க வேண்டும். பசுவின் சினைக்காலம் சராசரியாக 280 நாட்கள். எருமைக்கு ஏறத்தாழ 310 நாட்கள். பசுவுக்கு ஜனவரி 10 அன்று ஊசி போட்டிருந்தால் அக்டோபர் 17 வாக்கில் கன்று ஈனும். ஒரு வாரம் முன்பின் ஆகலாம்.

ஈனுவதற்கு 60 நாட்களுக்கு முன்பே பால் கறப்பதை நிறுத்தி மடியை வற்றவிட வேண்டும். மேற்சொன்ன கணக்கின்படி ஆகஸ்ட் 18 வாக்கில் கறவை நின்றிருக்க வேண்டும். "இன்னும் இரண்டு லிட்டர் வருகிறதே" என்று ஈனும் வரை கறந்தால் சீம்பாலின் தரம் குறையும், கன்று நோஞ்சானாகப் பிறக்கும், அடுத்த ஈத்தில் பாலும் குறையும். வற்றச் செய்யும்போது அடர்தீவனத்தைக் குறைத்து, கறவையை நிறுத்தி, மடி நோய் வந்த மாடாக இருந்தால் காம்பில் செலுத்தும் மருந்தை மருத்துவர் ஆலோசனையுடன் போட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசி இரண்டு மாதங்களில்தான் வயிற்றுக் கன்று வேகமாக வளர்கிறது. எனவே வழக்கமான தீவனத்துடன் கூடுதலாக 1 முதல் 1.5 கிலோ அடர்தீவனம் தர வேண்டும். ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். ஈனுவதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் "பால் கூடும்" என்று நினைத்துக் கால்சியம் டானிக்கைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றுவது சரியல்ல. வெளியிலிருந்து கால்சியம் மிகுதியாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் பழக்கம் மாட்டின் உடலுக்கு விட்டுப்போகிறது. கன்று ஈன்று பால் சுரக்கத் தொடங்கியதும் திடீரென்று கால்சியம் குறைந்து, மாடு பால் காய்ச்சலில் விழுந்துவிடும். டானிக் கொடுப்பது பற்றி மருத்துவர் சொல்லட்டும்.

ஈனும் இடமும் கையில் இருக்க வேண்டியவையும்

தேதி நெருங்க பத்து நாட்கள் இருக்கும்போதே மாட்டை மற்ற மாடுகளிடமிருந்து பிரித்து, மேடான, மழைச்சாரல் அடிக்காத இடத்தில் கட்ட வேண்டும். தரையைக் கழுவிச் சுண்ணாம்புத் தூள் தூவிக் காயவிட்டு, அதன்மேல் காய்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்ப வேண்டும். நனைந்த வைக்கோலைத் தினமும் மாற்ற வேண்டும். வழுக்கும் சிமெண்ட் தரையில் ஈனவிடக் கூடாது.

பழைய சுத்தமான பருத்தித் துணி, டிங்சர் அயோடின், நூல், புதிய பிளேடு, சோப்பு, வாளி, ரப்பர் கையுறை, டார்ச் விளக்கு, ரப்பர் காம்பு பொருத்திய பால் பாட்டில் ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக் கொட்டகையில் மாட்டி வையுங்கள். மாடு இரவிலும் ஈனலாம். அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. உங்கள் பகுதி கால்நடை மருத்துவரின் எண்ணும், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற கட்டணமில்லா எண்ணும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எப்போது காத்திருப்பது, எப்போது அழைப்பது?

மடி பெருத்துக் காம்புகள் விம்மும். வாலின் இருபுறமும் தசை தளர்ந்து குழி விழும். பிறப்புறுப்பு வீங்கி, கெட்டியான கோழை தொங்கும். பிறகு மாடு தீவனம் தின்னாமல் படுப்பதும் எழுவதுமாக நிலைகொள்ளாமல் இருக்கும். இந்தக் கட்டம் சில மணி நேரம் நீடிக்கும். தலைச்சன் கிடேரிகளில் இன்னும் நேரம் பிடிக்கும். இப்போது கூட்டம் கூடாமல், தொந்தரவு செய்யாமல் தள்ளி நின்று கவனித்தால் போதும்.

பனிக்குடம் உடைந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு முன்னங்கால்களும் அவற்றின்மேல் படிந்தபடி மூக்கும் வெளியே வந்தால் கன்று சரியான நிலையில் உள்ளது என்று பொருள். முன்னங்கால் குளம்பின் அடிப்பகுதி பொதுவாகத் தரையை நோக்கி இருக்கும். அடிப்பகுதி வானத்தை நோக்கி இருந்தால் அநேகமாகப் பின்னங்கால்கள் முதலில் வருகின்றன. உடனே மருத்துவரை அழையுங்கள்.

கீழ்க்கண்டவற்றில் எது நேர்ந்தாலும் தாமதிக்காமல் உதவி கேட்க வேண்டும்:

• பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் கன்று வெளிவரவில்லை.
• ஒரு கால் மட்டும் தெரிகிறது. அல்லது இரண்டு கால் தெரிந்தும் தலை தெரியவில்லை.
• வால் மட்டும் தெரிகிறது.
• அரைமணி நேரம் பலமாக முக்கியும் சிறிதும் முன்னேற்றமில்லை.

கால்களும் தலையும் சரியாக வந்து, மாடு களைத்துப்போயிருந்தால் மட்டும் இரண்டு பேர் மெதுவாக இழுத்து உதவலாம். மாடு முக்கும்போது இழுத்து, நிறுத்தும்போது நிறுத்த வேண்டும். தலை வெளிவந்த பிறகு, மாட்டின் பின்னங்கால் முட்டியை நோக்கிக் கீழ்வாட்டில் இழுக்க வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து இழுப்பதும், கயிற்றைக் கட்டி வேறு மாட்டையோ வண்டியையோ கொண்டு இழுப்பதும் கன்றைக் கொல்வதோடு தாய் மாட்டின் கருப்பையையும் கிழித்துவிடும்.

கன்று தரையில் விழுந்ததும்

முதலில் மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையைத் துணியால் துடைத்து எடுங்கள். மூச்சு வரவில்லையென்றால் சுத்தமான வைக்கோல் துரும்பை மூக்குத் துளையில் விட்டுக் கூச்சம் காட்டினால் கன்று தும்மி மூச்சிழுக்கும். நெஞ்சின் இருபுறமும் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கன்றை ஒருபக்கமாகக் கிடத்தாமல், நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வைத்தால் இரண்டு நுரையீரலும் விரியும். தாய் நக்கிக் கொடுப்பது நல்லது. தாய் நக்காவிட்டால் நீங்களே துடைத்து உலர்த்த வேண்டும். மழைநாளில் ஈரத்தோடு விட்ட கன்று நடுங்கியே சோர்ந்துபோகும்; பால் குடிக்கவும் எழாது.

தொப்புள் கொடி தானாக அறாவிட்டால், வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு நூலால் கட்டி, அதற்குக் கீழே புதிய பிளேடால் வெட்ட வேண்டும். வெட்டிய முனை முழுவதையும் டிங்சர் அயோடினில் முக்கி எடுங்கள். மூன்று நாட்களுக்குக் காலையும் மாலையும் இப்படிச் செய்ய வேண்டும். சாணம், சாம்பல், மஞ்சள் எதையும் தொப்புளில் அப்பக் கூடாது. ஈரத்தரையில் உள்ள கிருமிகள் தொப்புள் வழியாகத்தான் இரத்தத்தில் ஏறுகின்றன. பத்து நாள் கழித்துக் கன்றின் முட்டி வீங்கி நொண்டுகிறது என்றால், அதன் காரணம் பெரும்பாலும் பிறந்த அன்று கவனிக்காமல் விட்ட தொப்புளாகத்தான் இருக்கும். சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவினால் ஈ மொய்ப்பது குறையும்.

சீம்பால்: நஞ்சுக்கொடிக்காகக் காத்திருக்க வேண்டாம்

பல கிராமங்களில் நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றைப் பால் குடிக்க விடுகிறார்கள். "அதற்கு முன் ஊட்டினால் கொடி விழாது" என்றும், "சீம்பால் அதிகம் குடித்தால் கழியும்" என்றும் பெரியவர்கள் சொல்வதைக் கேட்கிறோம். இந்த ஒரு வழக்கத்தால் இறக்கும் கன்றுகள் ஏராளம். உண்மையில் கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது தாயின் உடலில் சுரக்கும் ஆக்சிடோசின் என்ற இயக்குநீர் கருப்பையைச் சுருங்கச் செய்கிறது. அதனால் கொடி விழுவதற்கு உதவியே கிடைக்கிறது.

மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலேயே ஓரளவு நோய் எதிர்ப்புப் பொருளைப் பெற்றுவிடுகிறது. மாட்டுக்கன்று அப்படியல்ல. மாட்டின் நஞ்சுக்கொடி வழியே எதிர்ப்புப் பொருள் கன்றுக்குப் போவதில்லை. சீம்பால் மூலமாக மட்டுமே கிடைக்கிறது. அதையும் கன்றின் குடல் பிறந்த முதல் ஆறு மணி நேரத்தில்தான் நன்றாக உறிஞ்சும். நேரம் செல்லச் செல்லக் குடலின் அந்த வாசல் மூடிக்கொண்டே வந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய அடைபட்டுவிடும். இரவு பத்து மணிக்குப் பிறந்த கன்றுக்கு மறுநாள் காலை எட்டு மணிக்குச் சீம்பால் கொடுத்தால், பத்து மணி நேரம் போய்விட்டது. வயிறு நிறையலாம், எதிர்ப்புச் சக்தி போதிய அளவு கிடைக்காது.

ஆகவே பிறந்த அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பாலைக் கொடுக்க வேண்டும். முதல் நாளில் மொத்தமாகக் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு தேவை. 25 கிலோ கன்றுக்கு 2.5 லிட்டர். இதில் பாதியை முதல் இரண்டு மணி நேரத்திலும், மீதியை இரண்டு மூன்று தவணைகளாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ளும் கொடுத்துவிட வேண்டும். மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சலை வெளியே பீய்ச்சிவிட்டுக் குடிக்க விடுங்கள். எழ முடியாத கன்றுக்குப் பாட்டிலில் ஊட்டலாம். தலையை அண்ணாந்து பிடித்து மூங்கில் குழாயில் ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

வீட்டுக்கும் உறவினருக்கும் சீம்பால் காய்ச்சிக் கொடுப்பது நம் ஊர் வழக்கம்தான். கன்று குடித்தது போக மிஞ்சியதைக் காய்ச்சுங்கள். நன்றாகக் கறக்கும் மாட்டின் முதல் சீம்பாலைச் சுத்தமான பாட்டிலில் அடைத்து, குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைத்துக்கொண்டால், தாய் இறந்த கன்றுக்கோ பால் சுரக்காத மாட்டின் கன்றுக்கோ கைகொடுக்கும். உறைந்ததை வெதுவெதுப்பான நீரில் வைத்து இளக்க வேண்டும். அடுப்பில் காய்ச்சினால் எதிர்ப்புப் பொருள் கெட்டுவிடும். முட்டையும் விளக்கெண்ணெயும் கலந்த பால் கன்றுக்குச் சத்து தருமே தவிர, சீம்பாலுக்கு ஈடாகாது.

தாய் மாட்டைக் கவனியுங்கள்

நஞ்சுக்கொடி பொதுவாக 8 முதல் 12 மணி நேரத்தில் விழுந்துவிடும். தொங்கும் கொடியில் கல்லையோ செருப்பையோ கட்டித் தொங்கவிடுவதும், கையை விட்டு இழுப்பதும் கருப்பையில் புண்ணை உண்டாக்கி, மாடு மறுபடி சினைப்பிடிக்காமல் செய்துவிடும். 12 மணி நேரம் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

விழுந்த கொடியை மாடு தின்னவிடாமல், கையுறை அணிந்து எடுத்து, ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். ஆலமரத்தில் கட்டித் தொங்கவிட்டால் நாயும் காகமும் இழுத்துப் பரப்பும். கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா கிருமி கொடியில் இருந்தால் மற்ற மாடுகளுக்கும், தொட்ட மனிதருக்கும் அது பரவும். இந்நோய்க்கு 4 முதல் 8 மாத வயதுள்ள பெண் கன்றுகளுக்கு மட்டும் ஒருமுறை தடுப்பூசி போடப்படுகிறது, தவறவிட வேண்டாம்.

அதிகம் கறக்கும் மாடு ஈன்ற மூன்று நாட்களுக்குள் தள்ளாடினாலோ, காது சில்லிட்டுக் கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்துவிட்டாலோ அது பால் காய்ச்சல். பெயரில் காய்ச்சல் இருந்தாலும் உடம்பு சில்லென்றே இருக்கும். வாயில் எதையும் ஊற்றாமல், மாட்டை நெஞ்சில் உட்காரும்படி மூட்டை வைத்து நிமிர்த்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். நரம்பில் கால்சியம் ஏற்றினால் பெரும்பாலான மாடுகள் அன்றே எழுந்துவிடும். இத்தகைய மாடுகளில் முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்காமல் இருப்பது நல்லது.

முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை

• பால்: தினமும் எடையில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு மூன்று வேளையாக. பாலை விற்றுவிட்டுக் கன்றுக்குக் கடைசித் துளியை மட்டும் விட்டால் அது தேறாது.
• குடற்புழு: சில உருண்டைப் புழுக்கள் தாய்ப்பாலின் வழியாகவே கன்றுக்கு வருகின்றன. எருமைக் கன்றுகளில் இது அதிகம். 10 முதல் 14 நாட்களுக்குள் முதல் குடற்புழு மருந்து, பின்னர் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை.
• கழிச்சல்: பாலை நிறுத்தக் கூடாது. கடையில் கிடைக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை உறையில் சொன்ன அளவு கொதித்து ஆறிய நீரில் கரைத்து, பால் வேளைகளுக்கு இடையில் அரை லிட்டர் வீதம் பலமுறை கொடுங்கள். கண் குழி விழுந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, கன்று எழாவிட்டாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.
• தீவனம்: இரண்டாவது வாரத்திலிருந்து கைப்பிடியளவு கன்றுத் தீவனமும் இளம்புல்லும், எப்போதும் சுத்தமான குடிநீரும் வையுங்கள்.
• கொம்பு சுடுதல்: தேவையானால் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் மருத்துவரைக் கொண்டு செய்ய வேண்டும்.

மேலே சொன்னவற்றில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், சீம்பாலை ஒரு மணி நேரத்துக்குள் கொடுங்கள். அடுத்தது தொப்புளுக்கு அயோடின், அதற்கடுத்தது காய்ந்த படுக்கை. இந்த மூன்றும் இருந்தால் மழைக்காலக் கன்றும் தேறிவிடும். இந்தக் கார்த்திகையில் பிறக்கும் பெண் கன்றை ஒழுங்காக வளர்த்தால், மூன்று ஆண்டுகளுக்குள் அது உங்கள் கொட்டகையில் கன்று ஈனும் கிடேரியாக நிற்கும். சந்தேகங்களுக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ உழவர் பயிற்சி மையத்தையோ அணுகலாம்.