ஆவியும் வெந்நீரும்

கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலைகளுக்கு வெந்நீர் இன்றியமையாதது. ஆயின், துருவும் படிவும் தடுக்கக் கொதிகலத்து நீரில் இரசாயனங்கள் இடுவர்; அவை ஆவியொடு சிறிது வரவுங்கூடும். ஆதலின் ஆவியை நீரிற் கலவாது, தொட்டியினுள் அமைந்த சுருள்குழாய் வழியே செலுத்துதல் நன்று.

ஒரு கிராம் ஆவி 100 பாகையில் நீராக மாறுங்கால் ஏறத்தாழ 540 கலோரி வெப்பம் தரும். அந்நீர் பின்னர் ஒரு பாகை குளிர்ந்து தருவதோ ஒரு கலோரியே. செய்யுளின் உள்ளுறைபோல் புறத்தே தோன்றாது நிற்றலின், இதனை உள்ளுறை வெப்பம் என்றல் சாலப் பொருந்தும்.

சுருளின் கடையில், நீரை விடுத்து ஆவியைத் தடுக்கும் பொறி வேண்டும். அஃதின்றேல் எரிபொருள் வீணாம். குளிர்ந்த நீரைக் கொதிகலத்திற்கே மீட்டல் சிக்கனம். குழாயில் துளை விழின் உண்பார்க்கே கேடு. ஆதலின் அதனை அடிக்கடி சோதித்தல் கடன்.