‘குறையாமல்’ என்றால் குறி எந்தப் பக்கம்?



இந்த முறை எபிசோடில் சொஃப்ட்வெயர் டெஸ்டிங் பற்றிக் கதைக்கும்போது, “பிழைகள் எல்லை எண்களில்தான் ஒளிச்சிருக்கும்” என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியை இந்த மடலில் ஆறுதலாகப் பார்ப்போம். ஸ்கூலில் கணிதம் படிக்கிற ஆட்களுக்கும் இது உதவும், கோட் எழுதுகிற ஆட்களுக்கும் உதவும். இரண்டு பேரும் சறுக்குகிற இடம் ஒன்றுதான்: சமனிலி வருகிற வசனக் கணக்கு.

சமனிலி என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. சமன்பாட்டில் = இருக்கிற இடத்தில் <, >, ≤, ≥ இந்த நாலில் ஒன்று இருக்கும். வீட்டில் தமிழ்நாட்டில் படித்தவர்கள் இருந்தால் ‘அசமன்பாடு’ என்று சொல்லுவார்கள். இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் விடையில் பெரிய வித்தியாசம் இருக்கு. சமன்பாட்டுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு எண்கள் விடையாக வரும். சமனிலிக்கு விடை ஒரு கூட்டம் எண்கள்: “இதிலிருந்து இதுவரைக்கும் எல்லாம் சரி.” வாழ்க்கையில் நாங்கள் கேட்கிற கேள்விகள் அதிகம் இந்த இரண்டாவது வகைதான். எத்தனை பேரை ஏற்றலாம்? எவ்வளவு செலவழிக்கலாம்? எத்தனை நாள் வேலை செய்யலாம்?

இந்தக் கணக்குகளில் மூன்று படி இருக்கு. சொல்லைக் குறியாக்குவது, தீர்ப்பது, விடையைத் திரும்ப வாழ்க்கைக்குக் கொண்டுவருவது. நடுப்படியை ஒரு ஆப்பே செய்து தந்துவிடும். மார்க்ஸ் போவது, கோட் உடைவது, காசு போவது எல்லாம் முதல் படியிலும் கடைசிப் படியிலும்தான்.

1. சொல்லில் இருந்து குறிக்கு

முதலில் ஒரு சின்னப் பட்டியல்.

• ‘குறைந்தது 10’, ‘10 ஆவது வேணும்’, ‘10க்குக் குறையாமல்’. இங்கிலீஷில் ‘அட் லீஸ்ட்’, ‘நோ லெஸ் தன்’ : ≥ 10
• ‘ஆகக் கூடியது 10’, ‘10க்கு மேற்படாமல்’. ‘அட் மோஸ்ட்’, ‘நோ மோர் தன்’ : ≤ 10
• ‘10ஐ விடக் கூட’, ‘10ஐத் தாண்டினால்’. ‘மோர் தன்’, ‘எக்ஸீட்ஸ்’ : > 10
• ‘10ஐ விடக் குறைய’, ‘10க்குக் கீழ்’. ‘லெஸ் தன்’, ‘அண்டர்’ : < 10

இதைப் பாடமாக்க வேண்டாம். பாடமாக்கினால்தான் பொறியில் விழுவீர்கள். ‘லீஸ்ட்’ என்று கேட்டவுடன் ‘சின்னது’ என்று நினைத்துக் கை தானாக < போடும். தமிழிலும் அதே கதைதான். ‘குறையாமல்’ என்ற சொல்லுக்குள்ளே ‘குறை’ இருக்கு, ஆனால் குறி > பக்கம் திரும்பி நிற்கும். ‘மேற்படாமல்’ என்பதற்குள் ‘மேல்’ இருக்கு, குறி < பக்கம்.

அதனால் சொல்லைப் பார்க்காமல் இரண்டு கேள்வி கேளுங்கோ.

முதல் கேள்வி: எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு எண்ணைப் போட்டால் எது சரிவரும்? “10 பேருக்குக் குறையாமல் வரவேணும்.” 9 பேர் வந்தால் காணாது, 11 பேர் வந்தால் சரி. அப்ப குறி பெரிய எண்கள் பக்கம்.

இரண்டாவது கேள்வி: சரியாக 10 பேர் வந்தால்? சரி என்றால் குறிக்குக் கீழே கோடு போடுங்கோ. சரியில்லை என்றால் கோடு இல்லை.

இப்படி 9, 10, 11 என்று மூன்று எண்களைப் போட்டுப் பார்த்தால் நாலு குறிகளில் எது என்று தெளிவாகிவிடும்.

ஒரு சுவாரசியம்: < , > என்ற குறிகள் தோமஸ் ஹரியட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞரின் புத்தகத்தில்தான் முதலில் அச்சில் வந்தன. அவர் 1621இல் இறந்து, புத்தகம் 1631இல் வெளிவந்தது. கீழே கோடு போட்டு ‘அல்லது சமன்’ என்று காட்டும் வழக்கத்தை பிரெஞ்சுக்காரர் பியேர் பூகே 1734இல் பயன்படுத்தினார். அந்தச் சின்னக் கோடு வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் எடுத்திருக்கு.

அந்தக் கோட்டுக்கு எவ்வளவு விலை என்று நான் வேலையில் பார்த்தேன். நான் கொன்ட்ராக்டுக்குப் போன ஒரு இடத்தில் பதிவுப் பக்கத்துக்கான விதி, ‘18 வயதும் அதற்கு மேலும்’. கோடில் இருந்தது ‘வயது > 18’. வயதை முழு வருஷமாகக் கணக்கெடுப்பதால், 18 ஆன ஒருவர் அடுத்த பிறந்தநாள் வரைக்கும் 18தான். ஆகவே ஒரு கோடு இல்லாததால் ஒரு முழு வருஷத்து ஆட்கள் வெளியே நின்றார்கள். டெஸ்ட் எழுதியிருந்தார்கள், அதுவும் பாஸ். ஆனால் போட்டுப் பார்த்த வயதுகள் 15உம் 30உம். 17, 18, 19 என்று போட்டிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

பேச்சு வழக்கு இன்னும் கொஞ்சம் சிக்கல். ‘18 வயதுக்கு மேற்பட்டவர்கள்’ என்று போர்டில் எழுதினால், 18 வயதுக்காரரையும் சேர்த்துத்தான் பல நேரம் சொல்லுகிறார்கள். அம்மா “எட்டு மணிக்குள்ள வந்திடு” என்றால், சரியாக எட்டுக்குக் கதவைத் தட்டலாமா? அது அம்மாவின் மூடைப் பொறுத்தது. பரீட்சைத் தாளில் கேள்வியை இரண்டு தரம் வாசியுங்கோ. வேலையில் என்றால், விதி எழுதினவரிடமே “சரியாக 18 என்றால்?” என்று கேளுங்கோ.

2. குறி திரும்புகிற இடம்

ஒரு கணக்கு. உங்கள் ஃபோனில் 20 ஜிபி டேட்டா இருக்கு. நாளுக்கு 0.75 ஜிபி போகுது. அவசரத்துக்குக் குறைந்தது 5 ஜிபி மிச்சம் இருக்கவேணும். எத்தனை நாள் இப்படிப் பாவிக்கலாம்?

நாட்களின் எண்ணிக்கையை ‘ந’ என்று வைப்போம்.

20 − 0.75ந ≥ 5
−0.75ந ≥ −15

இப்ப −0.75ஆல் வகுக்கவேணும். மைனஸ் எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்பும்:

ந ≤ 20

ஏன் திரும்புது? காரணம் கடன் மாதிரி. கையில் 3 பவுண் வைத்திருப்பவரை விட 5 பவுண் வைத்திருப்பவர் மேல்: 3 < 5. அதையே கடனாக்குங்கோ. 5 பவுண் கடன்காரரை விட 3 பவுண் கடன்காரர் மேல்: −3 > −5. எண்கோட்டைச் சுழியத்தில் பிடித்துக் கண்ணாடி மாதிரித் திருப்பினால் வலது இடதாகும். அதுதான் குறியும் திரும்புது. கூட்டினாலோ கழித்தாலோ எல்லா எண்ணும் ஒரே பக்கம் நகரும், அதனால் குறி அப்படியே இருக்கும்.

இந்த விதி மறந்துபோகும் என்று பயமாக இருந்தால் ஒரு வழி இருக்கு. மைனஸோடு இருக்கிற மாறியை மற்றப் பக்கம் கொண்டுபோங்கோ:

20 ≥ 5 + 0.75ந
15 ≥ 0.75ந
20 ≥ ந

மைனஸால் வகுக்கவே இல்லை, திருப்பவும் இல்லை. விடை அதே விடை. ‘20, ந-வை விடப் பெரிது அல்லது சமன்’ என்றால் ந 20க்கு மேற்படாது.

சரிபார்ப்பது ஒரு நிமிட வேலை. 20 நாள்: 15 ஜிபி போகும், 5 மிச்சம், சரி. 21 நாள்: 4.25 மிச்சம், காணாது. குறியைத் திருப்ப மறந்திருந்தால் ‘20 நாள் அல்லது அதற்கு மேல்’ என்று வந்திருக்கும். 21ஐப் போட்ட உடனே பிழை தெரிந்துவிடும்.

3. விடையை வாழ்க்கைக்குக் கொண்டுவருவது

தமிழ்ப் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்கு 53 பேர் போகவேணும். ஒரு மினிபஸ்ஸில் 16 பேர் இருக்கலாம், வாடகை 120 பவுண். கையில் 500 பவுண் இருக்கு. எத்தனை மினிபஸ் பிடிப்பது?

எல்லாருக்கும் இடம் வேணும்: 16ப ≥ 53, ஆகவே ப ≥ 3.3125.
காசு தாண்டக்கூடாது: 120ப ≤ 500, ஆகவே ப ≤ 4.16…

ஸ்கூலில் படித்த ‘0.5க்குக் கீழ் என்றால் விடு’ என்ற விதியைப் போட்டால் 3.3125 என்பது 3 ஆகும். 3 பஸ்ஸில் 48 பேர்தான். 5 பிள்ளைகள் கார்பார்க்கில் நிற்பார்கள். குறைந்தது 3.3125 பஸ் வேணும் என்றால் முழு எண்ணில் 4. பணத்தின் பக்கம் வேற மாதிரி: ஆகக் கூடியது 4.16… என்றால் கீழே இறங்கி 4. ≥ வந்தால் மேலே ஏறு, ≤ வந்தால் கீழே இறங்கு, தசமம் எவ்வளவு என்பது முக்கியமில்லை. இரண்டையும் சேர்த்தால் 4 மட்டும்தான் தப்புது.

இப்ப கையில் 450 பவுண்தான் இருக்கு என்று வையுங்கோ. ப ≤ 3.75, அதாவது ஆகக் கூடியது 3. ஆனால் குறைந்தது 4 வேணும். விடை இல்லை. இதைக் கண்டு ‘எங்கேயோ பிழை விட்டிட்டேன்’ என்று அழிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அழிக்காதேங்கோ. ‘விடை இல்லை’ என்பதும் விடைதான். இன்னும் 30 பவுண் சேர்க்கவேணும், இல்லாவிட்டால் ஆட்களைக் குறைக்கவேணும் என்று அது சொல்லுது.

இப்படி நிறையச் சமனிலிகளை ஒன்றாக வைத்து, எல்லாவற்றுக்கும் சரிவருகிற விடைகளில் நல்லதைத் தேடுவதற்கு ஒரு துறையே இருக்கு. ஜோர்ஜ் டான்சிக் 1947இல் அதற்கு ‘சிம்ப்ளெக்ஸ்’ முறையைக் கண்டுபிடித்தார். விமான நிறுவனங்கள் ஆட்களுக்கு வேலை பிரிப்பது, தொழிற்சாலைகள் உற்பத்தியைத் திட்டமிடுவது எல்லாம் இந்த வகைக் கணக்குதான். மினிபஸ் கணக்கின் பெரிய அண்ணா என்று வையுங்கோ.

4. ஒரு கோடு, மூன்று நாடு

உங்களில் சில பேர் ஃப்ரீலான்ஸ் தொடங்கப் போகிறீர்கள், அதனால் கடைசி உதாரணம் என் தொழிலில் இருந்து.

பிரித்தானியாவில் 2024 ஏப்ரலில் இருந்து, கடந்த 12 மாதத்து வற் வரிக்குரிய விற்பனை 90,000 பவுணைத் தாண்டினால் வற்றுக்குப் பதியவேணும். ‘தாண்டினால்’ என்றால் >. நாளுக்கு 450 பவுண் வாங்குகிற ஒருவர்:

450ந > 90,000
ந > 200

சரியாக 200 நாள் வேலை செய்தால் சரியாக 90,000. தாண்டவில்லை. 201ஆவது நாள் தாண்டுது.

அவுஸ்திரேலியாவில் ஜிஎஸ்டி எல்லை 75,000 டொலர். ஆனால் அங்கே விதி ‘75,000 அல்லது அதற்கு மேல்’. அதாவது ≥. நாளுக்கு 500 டொலர் என்றால் ந ≥ 150. சரியாக 150ஆவது நாளே நீங்கள் எல்லைக்குள் வந்துவிட்டீர்கள். கனடாவில் சிறு வியாபாரத்துக்கான எல்லை 30,000 டொலர், அங்கே திரும்பவும் ‘தாண்டினால்’. நாளுக்கு 400 டொலர் என்றால் 75 நாள் சரி, 76ஆவது நாள் இல்லை.

மூன்று நாட்டிலும் ஒரே எண்ணம்தான், ஆனால் அவுஸ்திரேலியாவில் மட்டும் குறிக்குக் கீழே கோடு இருக்கு. சிட்னியில் இருக்கிற மச்சான் சொன்னதை வைத்து லண்டனில் கணக்குப் போட்டால் சரிவராது.

இன்னொரு விஷயம்: ‘ந’ எந்தக் காலத்து நாட்கள்? பிரித்தானியாவில் அது வரி வருஷம் இல்லை. ஒவ்வொரு மாத முடிவிலும் பின்னால் திரும்பி 12 மாதத்தை எண்ணவேணும். கனடாவில் தொடர்ந்து வருகிற நாலு காலாண்டு, ஒரே காலாண்டில் தாண்டினாலும் கணக்கில் வரும். குறியைச் சரியாகப் போட்டும், மாறி எதைக் குறிக்குது என்று கவனிக்காவிட்டால் விடை பிழைதான். பேப்பரில் முதல் வரியாக ‘ந = கடந்த 12 மாதத்தில் வேலை செய்த நாட்கள்’ என்று எழுதுவது அதற்காகத்தான். வேற நிபந்தனைகளும் இருக்கு. பிரித்தானியாவில் அடுத்த 30 நாளுக்குள் மட்டுமே எல்லையைத் தாண்டும் என்று தெரிந்தாலும் பதியவேணும். ஆகவே எல்லைக்குக் கிட்டப் போகும்போது ஒரு அக்கவுண்டனைப் பிடியுங்கோ.

வீட்டுவேலை

அ) பிரித்தானியாவில் 16–25 ரெயில்கார்ட் வருஷத்துக்கு 35 பவுண். டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். (வேலைநாள் காலையில் வேற கட்டுப்பாடு இருக்கு, இப்போதைக்கு அதை விடுங்கோ.) கார்ட் லாபமாக, வருஷத்தில் எவ்வளவு பவுணுக்கு டிக்கெட் எடுக்கவேணும்? சரியாக 105 பவுணுக்கு எடுத்தால் என்ன நடக்கும்? அப்ப குறி > ஆ, ≥ ஆ?

ஆ) ஒரு சேர்வர் மாதத்தில் குறைந்தது 99.9% நேரம் ஓடவேணும் என்று ஒப்பந்தம். 30 நாள் மாதத்தில் அது எத்தனை நிமிடம் விழுந்து கிடக்கலாம்? விடை 43க்கும் 44க்கும் நடுவில் வரும். முழு நிமிடத்தில் சொல்லச் சொன்னால் எதைச் சொல்லுவீர்கள், ஏன்?

இரண்டுக்கும் விடை எழுதும்போது எல்லை எண், அதற்கு ஒன்று முன், ஒன்று பின் என்று மூன்றையும் போட்டுப் பார்த்து அனுப்புங்கோ. அடுத்த எபிசோடின் தொடக்கத்தில் சேர்ந்து பார்ப்போம்.