வேகம் இருக்கு, சொகுசு இருக்கு... ஆனா 'த்ரில்' எங்கே? ஹாட் ஹேட்ச் கார்கள் ஏன் இப்போது சிலிர்க்க வைப்பதில்லை?

265 பிஎஸ் பவர். 370 நியூட்டன் மீட்டர் டார்க். நின்ற இடத்திலிருந்து 100 கிமீ வேகத்தைத் தொட 5.9 விநாடிகள். டாப் ஸ்பீடு மணிக்கு 250 கிமீ.

படித்தால் ஏதோ ரேஸ் கார் மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால், இது பின்சீட்டில் குழந்தைகளை உட்காரவைத்து, டிக்கியில் மளிகைச் சாமான்களை அடுக்கிக்கொண்டு போகக்கூடிய ஐந்து கதவு கார். பெயர், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. 2025 மே மாதம் இந்தியாவுக்கும் வந்தது. முதல் கட்டமாக வந்தவை வெறும் 150 கார்கள்தான். அப்போது எக்ஸ் ஷோரூம் விலை சுமார் 53 லட்சம் ரூபாய். அப்படியும் மளமளவென்று விற்றுத் தீர்ந்துவிட்டன.

இவ்வளவு திறமையான காரை ஓட்டிவிட்டு இறங்குபவர்களில் ஒரு பகுதியினர் சொல்லும் வார்த்தை, 'சூப்பர்' இல்லை. "நல்லாத்தான் இருக்கு... ஆனா என்னமோ குறையுது" என்பதுதான். ஐரோப்பாவில் கார் விமர்சகர்கள் பல ஆண்டுகளாகவே சொல்லிவரும் புகார் இது. கோல்ஃப் ஜிடிஐ மட்டுமல்ல, இந்த வகைக் கார்கள் பலவற்றின் மேலும் இதே புகார் உண்டு. குறை என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. ஆனால், சிலிர்ப்பும் இல்லை. ஏன்?

முதலில், 'ஹாட் ஹேட்ச்' என்றால் என்ன?

ஸ்விஃப்ட், ஐ20, போலோ மாதிரி பின்பக்கக் கதவு மேல்நோக்கித் திறக்கும் சின்னக் கார்களை 'ஹேட்ச்பேக்' என்கிறோம். அதே காரில் பவரான இன்ஜின், இறுக்கமான சஸ்பென்ஷன், நல்ல பிரேக் எல்லாம் வைத்தால் அது 'ஹாட் ஹேட்ச்'. ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வசதி இல்லாத, ஆனால் ஓட்டுவதில் ஆசை உள்ள குடும்பஸ்தர்களுக்கான கார் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இந்த வகையைப் பிரபலமாக்கியது கோல்ஃப் ஜிடிஐதான். ஃபோக்ஸ்வாகன் இன்ஜினீயர்கள் சிலர், நிர்வாகத்தின் முறையான உத்தரவு இல்லாமலே ரகசியமாக ஆரம்பித்த திட்டம் இது. 1975-ல் ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் ஷோவில் காட்டினார்கள். 1976-ல் விற்பனைக்கு வந்தது. 'அதிகபட்சம் 5,000 கார்கள் விற்கும்' என்பதுதான் கம்பெனியின் கணக்கு. ஆனால் முதல் தலைமுறை ஜிடிஐ மட்டுமே 4.6 லட்சத்துக்கு மேல் விற்றது!

கட்டம் போட்ட சீட் துணி, கியர் லீவரின் தலையில் ஒரு கோல்ஃப் பந்து. இந்த இரண்டு அடையாளங்களையும் கொடுத்தவர் குன்ஹில்ட் லில்யேக்விஸ்ட் என்ற பெண் டிசைனர். இன்றைக்கும் ஜிடிஐ ரசிகர்கள் கொண்டாடுவது இவற்றைத்தான்.

அன்று 110, இன்று 265... எது ஜாலி?

முதல் ஜிடிஐயின் பவர் 110 பிஎஸ்தான். இன்று நம் ஊரில் ஓடும் சில சின்ன டர்போ கார்களே இதைவிட அதிக பவர் தருகின்றன. 100 கிமீ வேகத்தைத் தொட அது எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 9 விநாடிகள்.

ஆனால் அதன் எடை வெறும் 810 கிலோ. இன்றைய ஜிடிஐயின் எடை சுமார் 1,450 கிலோ. அதாவது, பழைய காரில் எட்டு, ஒன்பது பெரியவர்களை ஏற்றினால் வரும் எடை இது. அன்றைய டயரின் அகலம் 175 மில்லிமீட்டர். இன்று 225. பழைய காரில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. சாலையில் ஒரு சின்னக் கல் தட்டினாலும் உள்ளங்கையில் தெரியும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. எடை குறைந்த, டயர் ஒல்லியான அந்தக் கார், 60 கிமீ வேகத்தில் ஒரு வளைவில் திரும்பினாலே 'நான் கஷ்டப்படுகிறேன்' என்று ஓட்டுபவரிடம் சொல்லிவிடும். லேசாகச் சாயும், டயர் முனகும், ஸ்டீயரிங் கனமாகும். ஓட்டுபவர் சுதாரித்துக்கொண்டு சரிசெய்ய வேண்டும். அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் த்ரில். 1984-ல் வந்த, சுமார் 850 கிலோ எடையுள்ள பெஜோ 205 ஜிடிஐயை இன்றும் பலர் தலையில் வைத்துக் கொண்டாடுவதற்கும் காரணம் இதுதான்.

இன்றைய கார் அதே வளைவில் 60-ல் திரும்பினால் எதுவுமே நடக்காது. 80-லும் நடக்காது. அது வியர்க்க ஆரம்பிக்கும் வேகம், பெரும்பாலான பொதுச்சாலைகளில் போகவே கூடாத வேகம்!

த்ரில்லைத் திருடிய ஐந்து விஷயங்கள்

1. டர்போ: பழைய இன்ஜினில் முழு பவரும் கிடைக்க 6,000 ஆர்பிஎம் வரை முறுக்க வேண்டும். சத்தம் ஏற ஏற வேகமும் ஏறும், எதிர்பார்ப்பும் ஏறும். இன்றைய டர்போ இன்ஜின், 2,000 ஆர்பிஎம்முக்கு முன்பே மொத்த டார்க்கையும் கொட்டிவிடுகிறது. கிளைமாக்ஸை முதல் சீனிலேயே காட்டிவிடும் படம் மாதிரி.

2. ஆட்டோமேட்டிக் கியர்: 7 ஸ்பீடு டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் எந்த மனிதரையும்விட வேகமாக கியர் மாற்றும். ஆனால் ஓட்டுபவரின் இடது காலுக்கும் கைக்கும் வேலை போய்விட்டது. 2024-ல் வந்த புதிய கோல்ஃப் ஜிடிஐயில் மேனுவல் கியரே கிடையாது. கியர் லீவர் இருந்த இடத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச். புகழ்பெற்ற அந்த கோல்ஃப் பந்தை வைக்க இடமே இல்லை.

3. எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்: பார்க்கிங்கில் ஒரு விரலால் சுற்றலாம், எரிபொருளும் மிச்சம். ஆனால் டயருக்கும் கைக்கும் நடுவில் ஒரு மோட்டார் உட்கார்ந்து, சாலை சொல்லும் சேதியை வடிகட்டி அனுப்புகிறது.

4. செயற்கைச் சத்தம்: புகை, சத்தக் கட்டுப்பாடுகளுக்காக இன்ஜினின் குரலை அடக்கியாயிற்று. அதை ஈடுகட்ட, சத்தத்தைச் செயற்கையாக உண்டாக்கி கேபினுக்குள் அனுப்புகிறார்கள். முதல் நாள் நன்றாக இருக்கும். பத்தாவது நாள் தெரிந்துவிடும்.

5. டச் ஸ்க்ரீன், எச்சரிக்கை மணி: ஏசியைக் குறைக்கக்கூட சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டிய நிலை. போதாக்குறைக்கு, 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் வேக வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கும் வசதி கட்டாயம். அணைத்து வைத்தாலும், அடுத்த முறை காரை ஸ்டார்ட் செய்ததும் திரும்ப வந்துவிடும்.

வேகம் இப்போது மலிவு!

இன்னொரு முக்கியமான காரணம், எலெக்ட்ரிக் கார்கள். கோல்ஃப் ஜிடிஐ விலையிலேயே, 53 லட்சம் ரூபாய்க்கு இந்தியாவில் அறிமுகமானது பிஒய்டி சீல் காரின் பெர்ஃபாமன்ஸ் மாடல். 100 கிமீ வேகத்தைத் தொட அதற்கு 3.8 விநாடிகள் போதும். அவ்வளவு ஏன், அதில் பாதி விலையில் கிடைக்கும் மஹிந்திரா பிஇ 6 எலெக்ட்ரிக் காரே 6.7 விநாடிகளில் 100-ஐத் தொடும் என்கிறது கம்பெனி.

ஒரு காலத்தில் சாதாரண மனிதருக்கு வேகம் கிடைத்த ஒரே வாசல் ஹாட் ஹேட்ச்தான். இன்று சத்தமில்லாத ஃபேமிலி எஸ்யூவிகூட அதே வேகத்தைத் தருகிறது. வேகம் எல்லோருக்கும் கிடைத்துவிட்டால், ஹாட் ஹேட்சிடம் மிச்சம் இருக்க வேண்டியது அனுபவம் மட்டும்தான். அதுவும் குறைந்தால் ஏமாற்றம் வரத்தானே செய்யும்?

அப்படியென்றால் பழைய கார்தான் பெஸ்ட்டா?

அவசரப்பட வேண்டாம். முதல் ஜிடிஐயில் ஏர்பேக் கிடையாது; ஏபிஎஸ் பிரேக் கிடையாது; சறுக்கினால் காப்பாற்றும் எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது. மோதினால் உள்ளே இருப்பவர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் இன்றைய அளவில் பத்தில் ஒரு பங்குகூட இருக்குமா என்பது சந்தேகம்தான். இன்றைய கோல்ஃப், ஐரோப்பாவின் யூரோ என்கேப் சோதனையில் 5 ஸ்டார் வாங்கிய கார். கூடிய எடையில் கணிசமான பகுதி, உயிரைக் காக்கும் எடை.

பின்சீட்டில் பிள்ளைகளை உட்காரவைக்கும் எந்த அப்பாவும் அம்மாவும் 'எனக்கு த்ரில்தான் முக்கியம்' என்று 1976 மாடல் காரைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். தேர்ந்தெடுக்கவும் கூடாது.

ஆனால் இதற்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 130-ல் போகும்போதும் 70-ல் போவது போன்ற உணர்வைத் தரும் கார், ஓட்டுபவரை ஏமாற்றும். த்ரில் கிடைக்கவில்லையே என்று கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தும். இயற்பியல் மட்டும் மாறவில்லை: வேகம் இரண்டு மடங்கானால், மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். சொகுசான கேபினுக்குள் இருப்பவருக்கு இது தெரியாது. குறுக்கே வரும் டூ வீலர்காரருக்கு எந்த ஏர்பேக்கும் கிடையாது. ஓட்டுபவருக்கு போரடிப்பது, சாலையில் இருக்கும் மற்றவர்களுக்கு ஆபத்தாக முடியலாம்.

கம்பெனிகளுக்கும் புரிந்துவிட்டது!

நல்ல செய்தி என்னவென்றால், இந்தப் புகார் கார் தயாரிப்பாளர்களின் காதிலும் விழுந்திருக்கிறது. எட்டாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐயின் ஸ்டீயரிங்கில் முதலில் டச் பட்டன்கள்தான் இருந்தன. கடுமையான விமர்சனத்துக்குப் பிறகு, 2024 மாடலில் அழுத்தக்கூடிய நிஜ பட்டன்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

2020-ல் டொயோட்டா கொண்டுவந்த ஜிஆர் யாரிஸ், எதிர்த்திசையில் யோசித்த கார். 3 சிலிண்டர் இன்ஜின், 261 பிஎஸ், 6 ஸ்பீடு மேனுவல் கியர், நான்கு வீல் டிரைவ், எடை சுமார் 1,280 கிலோ. ராலி பந்தயத்தை மனதில் வைத்து உருவாக்கிய இந்தக் காருக்கு உலகமெங்கும் அமோக வரவேற்பு.

இன்னும் வேடிக்கை, ஹூண்டாய் ஐயானிக் 5 என். 600 பிஎஸ்ஸுக்கு மேல் பவர் தரும் எலெக்ட்ரிக் கார் இது. கியரே தேவையில்லை. ஆனாலும் கியர் மாறுவது போன்ற குலுக்கலையும், இன்ஜின் சத்தத்தையும் சாஃப்ட்வேர் மூலம் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறார்கள். 'வேகம் மட்டும் போதாது' என்று ஒரு கம்பெனியே ஒப்புக்கொண்டதற்குச் சமம் இது.

அதேநேரம் இந்த வகைக் கார்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ஃபோர்டு தன் ஃபியஸ்டா தயாரிப்பை 2023-ல் நிறுத்தியது. விமர்சகர்களின் செல்லப்பிள்ளையான ஃபியஸ்டா எஸ்டியும் அதோடு போனது.

நம் ஊரில் என்ன நிலவரம்?

இந்தியாவில் ஒரிஜினல் ஹாட் ஹேட்ச் என்றாலே விலை பயமுறுத்தும். 2016-ல் போலோ ஜிடிஐ வந்தபோதும் விலை சுமார் 26 லட்சம். அதுவும் 99 கார்கள் மட்டும். ஆனால் ஓட்டும் சுகத்துக்கு அவ்வளவு செலவழிக்க வேண்டியதில்லை. ஹூண்டாய் ஐ20 என் லைன், டாடா அல்ட்ராஸ் ரேஸர் போன்றவை 120 பிஎஸ் பவரும் மேனுவல் கியருமாக வந்தவை. புள்ளிவிவரத்தில் கோல்ஃப் ஜிடிஐயின் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் 60, 70 கிமீ வேகத்திலேயே ஓட்டுபவருக்கு வேலை கொடுக்கும்.

அப்படியும் முழு வேகத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு, தமிழ்நாட்டிலேயே இரண்டு இடங்கள் உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக், கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே. ஈசிஆர் அதற்கான இடமில்லை.

டெஸ்ட் டிரைவில் இதைக் கவனியுங்கள்!

* 0-100 விநாடிக் கணக்கை மறந்துவிடுங்கள். தினமும் நீங்கள் போகும் 40 முதல் 80 கிமீ வேகத்தில் கார் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

* மியூசிக் சிஸ்டத்தை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். இன்ஜின், டயர் சத்தத்தில் கார் உங்களிடம் பேசுகிறதா?

* மேனுவல், ஆட்டோமேட்டிக் இரண்டும் இருந்தால் இரண்டையும் ஓட்டுங்கள். தினமும் டிராஃபிக்கில் நிற்பவருக்கு ஆட்டோமேட்டிக் வரம்; ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறுபவருக்கு மேனுவல் வரம்.

* ஏசி, வால்யூம் போன்றவற்றை ஸ்க்ரீனைப் பார்க்காமல் மாற்ற முடிகிறதா?

* வீட்டில் உள்ளவர்களைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றி இறக்குங்கள். ஸ்போர்ட்டி சஸ்பென்ஷனின் உண்மையான விமர்சகர்கள் அவர்கள்தான்.

* 10 நிமிட டெஸ்ட் டிரைவ் போதாது. முதல் பத்து நிமிடத்தில் எல்லா வேகமான காரும் அசத்தும். அரை மணி நேரமாவது கேளுங்கள்.

53 லட்சமோ, 10 லட்சமோ... காரின் திறமை வேறு, அது தரும் சந்தோஷம் வேறு. திறமையை பிரோஷரில் அச்சடித்திருப்பார்கள். சந்தோஷத்தை ஸ்டீயரிங் பிடித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். இரண்டையும் சரிபார்த்த பிறகு செக்கில் கையெழுத்து போடுங்கள்!