வீட்டுத் தொலைபேசி மாறுகிறது

வீட்டுத் தொலைபேசியின் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் 'கொர்ர்' என்று ஓர் ஒலி கேட்கும். இதற்கு 'டயல் டோன்' என்று பெயர். "நான் தயார். எண்ணை அழுத்துங்கள்" என்று தொலைபேசி நிலையம் சொல்வதுதான் இந்த ஒலி.

மழை பெய்கிறது. மின்சாரம் போய்விட்டது. வீடு முழுவதும் இருட்டு. மின்விசிறி ஓடவில்லை. டி.வி. இல்லை. ஆனால் பழைய தொலைபேசியை எடுத்தால் அந்தக் 'கொர்ர்' ஒலி கேட்கும். மின்சாரம் இல்லாத வீட்டில் தொலைபேசி மட்டும் எப்படி வேலை செய்தது?

பல ஆண்டுகள் தொலைபேசி வைத்திருந்தவர்கள்கூட இதை யோசித்திருக்க மாட்டார்கள். இப்போது யோசிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. நாட்டின் பல பகுதிகளில் பழைய செம்புக் கம்பியை எடுத்துவிட்டு, இணையம் வழியாகப் பேசும் தொலைபேசியைக் கொடுத்து வருகிறார்கள். மாறலாமா, மாறினால் எதைக் கவனிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

செம்புக் கம்பி செய்த வேலை

இந்தியாவில் 1882-ஆம் ஆண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. கல்கத்தாவில் தொடக்கத்தில் 93 பேருக்குத்தான் இணைப்பு இருந்தது. 1960-இல் கான்பூரில் இருந்து லக்னோவுக்கு, நடுவில் ஆள் இல்லாமல் நேரடியாக எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி வந்தது. நிலையத்தில் இருந்த இயந்திரங்கள் பல முறை மாறின. ஆனால் வீட்டுக்கு வரும் கம்பி மட்டும் மாறவே இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு ஜோடி செம்புக் கம்பி. அவ்வளவுதான்.

இந்த ஜோடிக் கம்பி இரண்டு வேலைகளைச் செய்தது. ஒன்று, பேச்சைக் கொண்டு போனது. இரண்டு, தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரத்தையும் கொண்டு வந்தது. தொலைபேசி நிலையத்தில் பெரிய பெரிய பேட்டரிகள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் டீசலில் ஓடும் ஜெனரேட்டரும் இருக்கும். அங்கிருந்து சுமார் 48 வோல்ட் மின்சாரம் கம்பி வழியாக வீட்டுக்கு வரும். அதனால்தான் ஊரே இருட்டாக இருந்தபோதும் தொலைபேசி பேசியது.

பிறகு ஏன் இந்தக் கம்பியைக் கைவிடுகிறார்கள்? செம்புக்கும் குறைகள் உண்டு. மண்ணுக்கடியில் கம்பிகளை இணைத்த இடத்தில் மழைநீர் இறங்கும். உடனே 'கரகர' என்று இரைச்சல் கேட்கும், அல்லது தொலைபேசி ஊமையாகிவிடும். செம்பு விலை ஏறியதால் கம்பியைத் திருடவும் செய்தார்கள். சாலையை அகலப்படுத்தத் தோண்டினால், போன கம்பி போனதுதான். இதற்குள் செல்போனும் பரவிவிட்டது. 2005 வாக்கில் 4 கோடிக்கு மேல் இருந்த வீட்டுத் தொலைபேசிகள் 2020 வாக்கில் சுமார் 2 கோடியாகக் குறைந்தன. கண்ணாடி இழை பரவிய பிறகுதான் இந்த எண்ணிக்கை மறுபடியும் ஏறத் தொடங்கியது.

பேச்சு தபாலாகப் போகிறது

புதிய கம்பியின் உள்ளே செம்பு இல்லை. தலைமுடி போல மெல்லிய கண்ணாடி இழை இருக்கிறது. இதை ஃபைபர் என்கிறார்கள். இதில் ஒளி ஓடுகிறது. ஒளி எப்படிப் பேச்சைச் சுமக்கும்?

நீங்கள் பேசும்போது உங்கள் குரலை ஒரு கருவி நொடிக்கு 8,000 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக மாற்றுகிறது. அந்த எண்களைச் சிறு சிறு கட்டுகளாகக் கட்டி அனுப்புகிறது. பொதுவாக ஒரு நொடிப் பேச்சு 50 கட்டுகளாகப் போகும்.

நீளமான ஒரு கடிதத்தின் பக்கங்களைத் தனித்தனி உறையில் போட்டு அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் உறையிலும் முகவரி இருக்கும். பக்க எண்ணும் இருக்கும். வாங்குகிறவர் பக்க எண் பார்த்து அடுக்கிப் படிப்பார். இங்கேயும் அதுதான் நடக்கிறது. மறுமுனையில் உள்ள கருவி கட்டுகளை வரிசைப்படுத்தி மறுபடியும் குரலாக்குகிறது. சில கட்டுகள் தாமதமானால் பேச்சு விட்டு விட்டுக் கேட்கும். இணைப்பு நன்றாக இருந்தால் பழைய தொலைபேசியைவிடத் தெளிவாகவே கேட்கும். மழைக்கால இரைச்சல் இருக்காது.

கண்ணாடி இழை வீட்டில் ஒரு சிறிய பெட்டியில் வந்து முடியும். இதைப் பலரும் மோடம் என்கிறார்கள். அதில் பெரிய துளைகள் கணினிக்கு உரியவை. சிறிய துளை தொலைபேசிக்கு உரியது. பழைய பொத்தான் தொலைபேசியையே அதில் செருகிப் பேசலாம். ஆனால் விரலை விட்டுச் சுழற்றும் மிகப் பழைய தொலைபேசியின் எண்களைப் பல பெட்டிகள் புரிந்துகொள்ளாது. அழைப்பு வந்தால் எடுத்துப் பேசலாம். அழைக்க முடியாமல் போகும்.

"கரண்டு போனால் என்ன ஆகும்?"

கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. இந்த விஷயத்தில் முக்கியமானது இதுதான். பழைய கம்பி பேச்சோடு மின்சாரத்தையும் கொண்டு வந்தது. புதிய இழை பேச்சை மட்டுமே கொண்டு வருகிறது. பெட்டிக்கு வேண்டிய மின்சாரத்தை வீடுதான் கொடுக்க வேண்டும். வீட்டில் மின்சாரம் போனால் பெட்டி அணையும். பெட்டி அணைந்தால் தொலைபேசியும் பேசாது.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலைப்பகுதி. கடுமையான மழை. ஏலத் தோட்டத்து ஓரத்தில் ஒரு மூதாட்டி தனியாக வசிப்பதாக நினைத்துக்கொள்வோம். பள்ளத்தில் உள்ள வீடு. செல்போனுக்கு அங்கே சரியாக சிக்னல் கிடைக்காது. லைன்மேன் வருகிறார்.

"அம்மச்சி, பழைய கம்பி இனி நிற்காது. ஃபைபருக்கு மாறிவிடுங்கள்."

"மாறலாம் மோனே. கரண்டு போனால் போன் அடிக்குமா?"

"கரண்டு போனால் பெட்டி அணைந்துவிடும் அம்மச்சி."

"மழைக்காலத்தில் இங்கே பாதி ராத்திரி கரண்டு இருக்காது. அந்த நேரத்தில் எனக்கு நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவேன்?"

"ஒரு பேட்டரி வாங்கி வைத்தால் போதும் அம்மச்சி."

"அதை நான் கேட்பதற்கு முன்னாலேயே நீ சொல்லியிருக்க வேண்டாமா?"

மூதாட்டி கேட்டது நியாயமான கேள்வி. புதிய இணைப்பு விற்க வருகிறவர்கள் வேகத்தைப் பற்றிப் பேசுவார்கள். சினிமா பார்க்கலாம் என்பார்கள். இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். கேட்க வேண்டியது வீட்டுக்காரர்தான்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் கவலை குறைவு. இன்வெர்ட்டர் இணைப்பு உள்ள பிளக்கில் பெட்டியைச் செருகினால் போதும். பெட்டி ஒரு சிறிய எல்.இ.டி. பல்பு அளவுக்குத்தான் மின்சாரம் எடுக்கும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு 'மினி யு.பி.எஸ்.' என்ற சிறிய பேட்டரி கடைகளில் கிடைக்கிறது. சில மணி நேரம் தாங்கும். வாங்கும் முன் பெட்டியின் மின் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் என்று இருக்கும். அதே அளவுள்ள பேட்டரியைத்தான் வாங்க வேண்டும். அளவு மாறினால் பெட்டி கெட்டுப்போகலாம்.

இன்னொன்றையும் கேட்டு வையுங்கள். சில இடங்களில் இணைப்புக் கொடுப்பவர் தெருவில் மின்சாரத்தில் ஓடும் கருவிகளை வைத்திருப்பார். தெருவில் மின்சாரம் போனால் அவை அணைந்துவிடும். அப்போது வீட்டில் பேட்டரி இருந்தும் பயன் இல்லை. "தெருவில் கரண்டு போனாலும் உங்கள் லைன் ஓடுமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். பக்கத்து வீட்டில் அதே இணைப்பு இருந்தால் அவர்களையும் கேளுங்கள்.

இணைப்புக் கொடுத்த அன்றே இதைச் சோதித்துவிடலாம். ஆள் கிளம்பும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். பேட்டரியில் தொலைபேசி ஓடுகிறதா என்று உறவினர் ஒருவருக்கு அழைத்துப் பாருங்கள்.

பெரிய புயலில் பேட்டரியும் போதாது. 2019 மே 3-ஆம் தேதி ஒடிசாவில் புரி அருகே ஃபானி புயல் கரையைக் கடந்தது. பல இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. செல்போன் கோபுரங்களும் ஓய்ந்தன. அதனால் தனியாக இருக்கும் வயதானவர்கள் தொலைபேசியை மட்டும் நம்பாமல், பக்கத்து வீட்டிலும் சொல்லி வைப்பது நல்லது. அவசர உதவி எண் 112. அதைத் தொலைபேசிக்கு மேலே சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

எண் போய்விடக் கூடாது

இருபது, முப்பது ஆண்டுகளாக ஒரே எண். உறவினர் எல்லோருக்கும் அதுதான் மனப்பாடம். வங்கியிலும் மருத்துவமனையிலும் கொடுத்திருப்பதும் அந்த எண்தான். மாறும்போது அது கைவிட்டுப் போகலாம்.

செல்போனில் 2011 முதல் நிறுவனம் மாறினாலும் எண் மாறுவதில்லை. வீட்டுத் தொலைபேசிக்கு அந்த வசதி வரவில்லை. வேறு நிறுவனத்துக்குப் போனால் புதிய எண்தான் கிடைக்கும். அதே நிறுவனத்திலேயே செம்பில் இருந்து இழைக்கு மாறினால், பழைய எண்ணையே கேட்கலாம். விண்ணப்பத்தில் அந்த எண்ணை எழுதுங்கள். ரசீதிலும் அதே எண் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். புதிய இணைப்பு ஓடும்வரை பழைய இணைப்பை ரத்து செய்ய வேண்டாம். ரத்தான எண் பிறகு வேறொருவருக்குப் போய்விடலாம்.

கூடத்தில் ஒன்று, படுக்கை அறையில் ஒன்று என இரண்டு தொலைபேசி இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ளது மட்டும்தான் ஒலிக்கும். வீட்டுத் தொலைபேசியில் இருந்து செல்போனை அழைக்க, எண்ணுக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் இதுதான் முறை. புதிய இணைப்பிலும் அப்படித்தான்.

மாதக் கட்டணம் 400 ரூபாய் என்று சொன்னால் அதோடு முடியாது. 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. 72 ரூபாய் சேர்த்து 472 ரூபாய் கட்ட வேண்டும். பேச்சு மட்டும் போதும் என்பவர்கள் குறைந்த கட்டணத் திட்டம் இருக்கிறதா என்று கேட்கலாம். பெட்டி சொந்தமா, வாடகையா என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய இணைப்பை ஒப்படைத்தால் அதற்குக் கட்டிய வைப்புத்தொகையைத் திருப்பிக் கேளுங்கள். பழைய ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள்.

கண்ணாடி கண்ணாடிதான்

செம்புக் கம்பியை வளைத்து ஆணியில் கட்டலாம். இழையை அப்படிச் செய்யக் கூடாது. மடித்தால் ஒடியும். எலியும் கடிக்கும். பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்ற ஆங்கில எழுத்துகளுக்கு அருகில் சிவப்பு விளக்கு எரிந்தால் வீட்டுக்கு ஒளி வரவில்லை என்று பொருள். புகார் கொடுக்கும்போது "சிவப்பு விளக்கு எரிகிறது" என்று சொன்னால் அவர்களுக்கு உடனே புரியும். இழை அறுந்து கிடந்தால் அதன் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

தொலைபேசி மாறும் இந்த நேரத்தை மோசடிக்காரர்களும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். "இரண்டு மணி நேரத்தில் உங்கள் தொலைபேசி துண்டிக்கப்படும். 9-ஐ அழுத்துங்கள்" என்று பதிவு செய்த குரல் வரும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' பெயரையும் சொல்வார்கள். டிராய் யாரையும் இப்படி அழைப்பதில்லை. எதையும் அழுத்தாமல் ரிசீவரை வைத்துவிடுங்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஓ.டி.பி. எதையும் சொல்லாதீர்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை இடையிலேயே தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.